மான் அடிபட்ட அன்று ஆருட லொறி

1

“…லொறி உங்கட லொறி எண்டா, தம்பி, மிச்சக் கேள்வி ஒண்டும் அவருக்குத் தேவையில்ல. நாம ரெண்டு பேரும் போனை வெச்சுப்போட்டு எழும்பி வீட்ட போகலாம்” என்று சொல்லிக்கொண்டே புஷ்பராணி மிஸ்ஸி தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, மேசையில் கிடந்த போனின் மேல் கவிழ்த்தார். கோழிக்குஞ்சைக் கூடையால் மூடுவதுபோல மூடினார். தொப்பிக்குள் இருந்து வரிக் கந்தோர் அதிகாரி “ஹலோ, ஹலோ” என்று கூப்பிடுவது கேட்டது. சத்தத்தை அமத்த போனிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. மிஸ்ஸிக்குத் தொப்பியில்தான் நம்பிக்கை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது? இல்லை. ஆனாலும் வந்துவிட்டது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஆள் அடையாளம் சொல்லிவிடுகிறேன். நான் நௌசாத், கல்முனை. கனடாவில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிரம்டன் என்ற ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். பெரிய லொறி ஓட்டுகிறேன். புஷ்பராணி மிஸ்ஸி காரைதீவு. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர். நேர்ஸ்மாரை நாம் மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம், இங்கேயும் அந்தப் பேர் அவரை விடவில்லை. இங்கிலீஷ் இடறுகிற நம் ஆட்களுக்காக சனசமூக நிலையத்தில் சும்மா வந்து மொழிபெயர்த்துக் கொடுக்கிறார். கல்முனையில் இருந்த காலத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. நடுவில் கிடந்தது கொஞ்சம் வயலும் ஒரு ரோட்டும்தான். சந்திக்க இவ்வளவு தூரம் வரவேண்டி இருந்தது.

அன்றைக்குத் தீர வேண்டிய வழக்கு சின்னது. நான் லொறிக் கம்பனியில் வேலை செய்கிற ஆளா, அல்லது எனக்கு நானே தொழில் நடத்துகிற முதலாளியா? அரசாங்கத்தின் வரிக் கந்தோர் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும். வேலைக்காரன் என்று வந்தால் எனக்கு வெற்றி. முதலாளி என்று வந்தால் தோல்வி. இப்படி ஒரு வழக்கை நம் ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது, எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது தீர்ப்பு வரவில்லை. தண்டர் பே என்ற ஊரில் சாமான் இறக்க வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிறைய லொறி. எழுதுவோம்.

2

முதலாளி ஆன கதை.

என்னை வேலைக்கு எடுத்தவர் பொத்துவில் ஜவாத் காக்கா. எனக்கு அண்ணன் மாதிரி, தங்கமான மனிசன். அவரும் ஒரு காலம் டிரைவராக இருந்தவர்தான். முதல் நாள் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: “நம்மட கம்பனியில வேலைக்காரன் எண்டு ஒருத்தரும் இல்ல. எல்லாரும் முதலாளிதான். நீயும் முதலாளி. இதுல ஒரு கையெழுத்து வை, முதலாளி.”

வைத்தேன். அதில் என்னை ‘சுயதொழில் செய்கிறவர்’ என்று எழுதியிருந்ததாம். நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் சந்தோஷம்தான் பட்டிருப்பேன். நம் ஊரில் முதலாளி என்றால் என்ன மரியாதை. ஒரு முதலாளிக்கு இருபது டிரைவர். இங்கே இருபது முதலாளிக்கு ஒரு ஜவாத் காக்கா. அவர் மட்டும் தன்னை முதலாளி என்று சொல்ல மாட்டார். “நான் சும்மா லோட்டுப் பாத்துக் குடுக்கிற ஆள்” என்பார்.

நானும் இருப்புக்கொள்ளாமல் ஊருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பிவிட்டேன், முதலாளி ஆகிவிட்டேன் என்று. கூட்டாளிமார் எல்லாரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். மறுநாள் எங்கள் தெருப் பள்ளிவாசலில் இருந்து ஒரு சாச்சா போன் எடுத்து, மினாரா கோபுரம் கட்டக் காசு சேர்க்கிற கதையைத் தொடங்கினார்.

காக்கா போனில் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “முதலாளி, நாளைக்கு வின்னிபெக் போவமா?” “முதலாளி, ஸ்னோ கொட்டுது, மெதுவா வாங்க.” வீட்டில் இருந்தால் ஸ்பீக்கரில்தான் கதைப்பேன். அதனால் வந்த வினை, என் மகள் ஹனா பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்தபோது உம்மா என்ற கிளையில் நஸீமா என்றும் வாப்பா என்ற கிளையில் முதலாளி என்றும் எழுதிவிட்டாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் அவளுடைய டீச்சர் எழும்பிக் கைகொடுத்து, “வாங்க மிஸ்டர் முட்டலாலி” என்கிறார்.

“அது என்ட பேர் இல்ல புள்ள” என்று காரில் வரும்போது சொன்னேன்.

“அப்ப ஏன் எல்லாரும் அப்பிடிக் கோல் பண்ற?”

“அது ஒரு மரியாதை.”

“மீனிங் என்ன?”

“பொஸ்.”

அவள் பின்சீற்றில் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: “வாப்பா, நீங்க பொஸ் எண்டா ஏன் நெடுக ஜவாத் மாமாட்ட ‘ஓம் காக்கா, சரி காக்கா’ எண்டு சொல்ற?”

அவளுடைய தமிழ் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போகிறது. ஆனால் மிச்சம் இருக்கிற தமிழால் குத்த வேண்டிய இடத்தில் குத்திவிடுகிறாள். அந்தக் கேள்விதான் வரிக் கந்தோர் கேட்கிற கேள்வியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

3

இனி ‘என்ட லொறி’ என்ற சொல்லைப் பற்றி.

ஊரில் நான் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலை முதலாளியின் லொறி ஓட்டினேன். அரிசி ஏற்றிக்கொண்டு மகாஓயா, மகியங்கனை பிடித்து, அந்த வளைவுகள் எல்லாம் ஏறி, கண்டியால் கொழும்பு. லொறி முதலாளியுடையது, டீசல் முதலாளியுடையது, அரிசி முதலாளியுடையது. ஆனால் அந்த லொறியை ‘முதலாளியின் லொறி’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த டிரைவரும் சொல்ல மாட்டான். என்ட லொறி. அவ்வளவுதான். கிளீனராக இருந்தவனும் கழுவும்போது என்ட லொறி என்றுதான் கழுவுவான். முதலாளியே போன் எடுத்து, “டேய், உன்ட லொறி எங்க நிக்கிது?” என்றுதான் கேட்பார். பஸ் டிரைவருக்கு என்ட பஸ். போஸ்ட் மாஸ்டருக்கு என்ட போஸ்ட் ஒபிஸ். சந்தையில் கூலிக்கு மீன் வெட்டுகிறவருக்கும் அது என்ட கத்தி.

இப்படிச் சொல்லாதவனை நாங்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்போம். “முதலாளிட லொறி எண்டு சொல்றான், அவன் கியரை உடைப்பான்” என்பார் எங்களோடு ஓடிய ஒரு மூத்த டிரைவர். வண்டியைத் தன்னுடையதாக நினைக்காதவன் கையில் வண்டி நிற்காது என்பது அவருடைய கட்சி.

ஒரே ஒரு நேரம்தான் இந்தச் சொல் மாறும். வழியில் ஆடு அடிபட்டால். ஒருமுறை பதியத்தலாவைப் பக்கம் ஒரு ஆடு எங்கிருந்தோ பாய்ந்து விழுந்தது. சனம் கூடி, “ஆருட லொறி இது?” என்று கேட்டது. நான் இறங்கி மிகவும் பணிவாக, “முதலாளிட லொறி” என்றேன். ஆட்டுக்காரரோடு கதைத்துத் தீர்த்து, ஏறி, கியர் போட்டு, அடுத்த சந்தி வந்தபோது அது திரும்பவும் என்ட லொறி ஆகிவிட்டது.

4

தீர்ப்பு ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

நஸீமா மூன்றாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். மூத்தவள் ஹனா பிறந்த அன்று நான் வின்னிபெக்கில். சின்னவன் இமாத் பிறந்த அன்று நெடுஞ்சாலையில் டீசல் அடிக்கிற ஒரு செட்டில். பிள்ளை பிறந்ததும் தொழுகைக்கு அழைக்கிற பாங்கைக் காதில் சொல்வது வாப்பாவின் வேலை. இமாதுக்கு நான் போனில் சொன்னேன். நஸீமா போனைப் பிள்ளையின் காதோடு பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து லொறி எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளை துனியாவுக்கு வந்து கேட்ட முதல் சத்தத்தில் பாதி பாங்கு, பாதி டீசல். நம்பினால் நம்புங்கள், இன்றைக்கும் அவன் நித்திரை கொள்ளாமல் அழுதால், லொறி ஓடுகிற வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். தூங்கிவிடுவான்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். நஸீமா சிரிக்கவில்லை.

“இஞ்ச பாருங்க மச்சான்” என்றாள். “ரெண்டு புள்ளைக்கும் நாப்பது நாள் நான் தனியக் கிடந்தன். ஊரெண்டா உம்மா இரிப்பா, ராத்தாமார் இரிப்பாங்க, பெத்த உடம்புக்குச் சரக்குக் கறி ஆக்கித் தர ஒரு ஆள், குளிக்க வாக்க ஒரு ஆள். உம்மாக்கு விசா குடுக்கானுகள் இல்ல. இந்தப் புள்ளைக்கு நீங்க வீட்டுல நிக்கணும். பாங்கும் நேர சொல்லணும், நாப்பதும் நிக்கணும்.”

“நிக்கலாம்தான். காக்காட்ட லீவு கேட்டுப் பாக்கன்.”

“நீங்கதானே முதலாளி. நீங்களே குடுங்களன்.”

காக்காவிடம் கேட்டேன். அவர் மிக அன்பாகச் சொன்னார்: “முதலாளிக்கு நான் எப்பிடி லீவு குடுக்கிற, முதலாளி? நீங்க நிண்டா நிக்கலாம். அந்த லோட்டை வேற ஒரு முதலாளிக்குக் குடுக்கத்தான் வேணும்.”

இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் தகப்பனும் சில கிழமை வீட்டில் நிற்கலாம். வேலை போகாது, காப்புறுதியில் இருந்து சம்பளத்தில் ஒரு பங்கும் வரும். அரசாங்கத்துக்கு நம் நாப்பது தெரியாது, ஆனாலும் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஒரு நிபந்தனை, நீ ஒருவரிடம் வேலை செய்கிறவனாக இருக்க வேண்டும். தனக்குத் தானே முதலாளியாக இருக்கிறவனுக்கு அந்தக் கதவு சும்மா திறக்காது. காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், கை முறிந்தாலும் அப்படித்தான், “நாளைக்கு வரத் தேவையில்லை” என்று சொன்னாலும் அப்படித்தான். ஓய்வூதியத்துக்கு வேலைக்காரன் ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு கட்ட வேண்டும். நான் இரண்டும் ஆனபடியால் இரண்டு பங்கும் என் தலையில். பேர்தான் முதலாளி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மிஸ்ஸிதான் வழி சொன்னார். “கையெழுத்து என்ன எழுதினாலும், வேலை எப்பிடி நடக்குது எண்டுதான் அவங்க பாப்பாங்க. கேட்டுப் பாருங்க தம்பி. உள்ளதை உள்ளபடி சொன்னாக் காணும்.”

உள்ளதை உள்ளபடி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நாங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

5

அதிகாரி மெல்லிய குரல்காரர். மரியாதையாகக் கேட்டார். மிஸ்ஸியின் இங்கிலீஷ் எனக்கு நன்றாக விளங்கும். அதிகாரியின் இங்கிலீஷ்தான் விளங்காது. அதனால் எல்லாவற்றையும் மிஸ்ஸி வழியாகவே போகவிட்டேன்.

“எந்தப் பாதையால போறது எண்டு உங்களுக்கு ஆர் சொல்றது?”

சரியான பதில்: ஜவாத் காக்கா. போக வேண்டிய பாதை, போய்ச் சேர வேண்டிய நேரம், டீசல் அடிக்க வேண்டிய இடம் எல்லாம் அவர்தான் அனுப்புவார். லொறிக்குள் ஒரு கமரா வேறு என்னைப் பார்த்துக்கொண்டே வரும்.

நான் சொன்ன பதில்: “எனக்கு ஆர் பாதை சொல்ற? கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் வின்னிபெக் போவன்.”

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். “நான் ஒரு சொல்லும் கூட்டாமக் குறைக்காமச் சொல்லணும். சொல்லவா?”

“சொல்லுங்க.”

சொன்னார். பிறகு அதிகாரி மெல்லக் கேட்டார்: “இவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறாரா?”

அதைத் துடைத்து எடுக்கவே நல்ல நேரம் போனது.

“வேலையை நீங்க எப்பிடிச் செய்றீங்க எண்டு ஆராவது கண்காணிக்கிறாங்களா?”

“என்ட வேலையில குறை கண்டுபிடிக்க இன்னும் ஆள் பிறக்கல்ல.”

“தம்பி.”

“இல்ல மிஸ்ஸி, உண்மைதானே.”

“உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரை நீங்க அனுப்ப ஏலுமா எண்டு கேக்கிறார்.”

“என்ட லொறியில இன்னொருத்தன் கை வெப்பானா? காக்கா விடவும் மாட்டார்.”

மிஸ்ஸியின் முகம் தெளிந்தது. “இண்டைக்கு நீங்க சொன்ன முதல் நல்ல கதை இதுதான்” என்று சொல்லி, வேகமாக மொழிபெயர்த்தார். ஆனால் முதல் பாதியையும் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தார். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதே. அதிகாரி பிடித்துக்கொண்டார்.

“லொறி இவருடையதா?”

மிஸ்ஸி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. “ஓம், என்ட லொறி.”

அந்தப் பக்கம் டக் டக் என்று தட்டெழுதுகிற சத்தம். ஒவ்வொரு டக்குக்கும் நஸீமாவின் நாப்பதில் ஒவ்வொரு நாள் கழிந்துபோவது போல இருந்தது. அப்போதுதான் மிஸ்ஸி, ‘லொறி உங்கட லொறி எண்டா’ என்ற அந்தக் கதையைச் சொல்லித் தொப்பியைக் கவிழ்த்தார்.

“மிஸ்ஸி, வாயில வருதே. நான் என்ன செய்ற?”

“பொறுங்க. நான் பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள எனக்கொரு மான் கதை சொன்னீங்களே, வாவா எண்ட இடத்துல. மான் அடிபட்ட உடனே ஜவாத்துக்குப் போன் எடுத்தீங்க. என்ன சொன்னீங்க, அந்த வசனத்தை அப்பிடியே சொல்லுங்க.”

“‘காக்கா, உங்கட லொறியில ஒரு மான் பட்டுட்டு’ எண்டு சொன்னன்.”

சொல்லிவிட்டு எனக்கே விளங்கிவிட்டது. மிஸ்ஸி தொப்பியைத் தூக்கினார்.

“ஐயா, நான் மொழிபெயர்க்க வந்த ஆள். ஆனாலும் இந்த மனிசன் வளர்ந்த ஊருக்குப் பக்கத்து ஊரில வளர்ந்தவள். ஒரு சொல்லைப் பத்தி என்ட கதையாக ஒண்டு சொல்லலாமா?” என்று இங்கிலீஷில் கேட்டார். அதிகாரி சரி என்றார்.

“நான் நேர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில ஒரு வாட்டைப் பார்த்தன். அதை என்ட வாட்டு எண்டுதான் சொல்லுவன். அந்தக் கட்டிலுகள் என்ட கட்டில். அதில படுத்தவங்க என்ட நோயாளி. அவங்க பெத்த பிள்ளைகளை என்ட பிள்ளை எண்டு தூக்கிக்கொண்டு திரிஞ்சிரிக்கன். பென்சன் எடுத்து வரக்குள்ள ஒரு தலகாணி உறையும் நான் கொண்டுவரல்ல. எங்கட பக்கத்தில என்ட எண்டு சொன்னா, அது என்ட சொத்து எண்டு கருத்து இல்ல. நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு கருத்து. சொத்து ஆருடையது எண்டு உங்களுக்குத் தெரிய வேணுமெண்டா, ஒரு மான் அடிபட்ட அண்டு ஆருட லொறி எண்டு கேளுங்க.”

நானே எனக்குள் வைத்திருந்த கருத்தை இவர் எப்படி மடித்த துணிபோல எடுத்து மேசையில் வைத்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கேட்டார், மான் அடிபட்ட அன்று யாருடைய லொறி என்று. அரசாங்கச் செலவில், பதிவாகிற போனில், அந்தக் கேள்வியை அப்படியே கேட்டார்.

“ஜவாத் காக்காட லொறி” என்றேன்.

“திருத்தினது?”

“காக்கா.”

“காப்புறுதி?”

“காக்கா.”

“டீசல்?”

“காக்காட கார்ட்.”

“வேலை இல்லாத நாளில் லொறி எங்கே நிற்கும்?”

“காக்காட யாட்டில. சாவியும் அங்கதான்.”

“அப்போது உங்களிடம் சொந்தமாக என்ன இருக்கிறது?”

நன்றாக யோசித்தேன். “ஒரு தேத்தண்ணி போத்தலும், முசல்லாவும், தலகாணியும்.”

முசல்லா என்றால் தொழுகைப் பாய் என்று மிஸ்ஸி விளக்கிச் சொன்னார். டக் டக் சத்தம் திரும்பத் தொடங்கியது. இந்த முறை அது எனக்குப் பெருநாளுக்கு றபான் மேளம் அடிப்பதுபோலக் கேட்டது.

6

தண்டர் பேயில் தொடங்கிய இந்தக் குறிப்பை இப்போது சட்பரி என்ற ஊரில் இருந்து எழுதுகிறேன். நடுவில் சில கிழமை போய்விட்டது. நஸீமாவுக்கு வயிறு முன்னால் தள்ளிவிட்டது. தீர்ப்பு இன்னும் இல்லை.

ஆனால் காக்காவுக்கும் வரிக் கந்தோர் போன் எடுத்திருக்கிறது. எடுக்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு அவர் என்னை முதலாளி என்று கூப்பிடவில்லை. “ஹலோ” என்கிறார். “லோட்டு இருக்கு” என்கிறார். வைத்துவிடுகிறார். இவ்வளவு காலமும் எரிச்சலாக இருந்த ஒரு சொல் இல்லாமல் போனதும் காது தேடுகிறது பாருங்கள்.

ஒரு நாள் அவரே எடுத்துக் கேட்டார். “நான் உனக்கு என்ன குறை வெச்சன்?”

“குறை ஒண்டும் இல்ல காக்கா. எனக்குப் புள்ளைட காதுல பாங்கு சொல்லணும். நேர. போன்ல இல்லாம.”

கோபத்தில் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“நானும்தான்” என்றார். “எனக்கு மூண்டு புள்ள. மூண்டுக்கும் நான் போன்லதான் வாப்பா. முத ரெண்டுக்கும் கட்டாரில இருந்து.” பிறகு கதையை மாற்றினார். “அவனுகள் திரும்ப எடுத்தா உள்ளதைச் சொல்றன். லொறி ஆருட எண்டு கேட்டானுகள். எனக்கும் முதல்ல வாயில வந்தது ‘அது நௌசாத்துட லொறி’ எண்டுதான். அடக்கிக்கொண்டன்.”

நான் லொறியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஸ்னோ பெய்துகொண்டிருந்தது.

7

தீர்ப்பு வந்த அன்று நான் வீட்டில். ஹனாதான் வாசித்தாள். கடித இங்கிலீஷ் அவளுக்கும் கரடுமுரடு. எழுத்துக்கூட்டி, நடுவில் நின்று, “வாப்பா, இதுல உங்களை எம்ப்ளோயி எண்டு போட்டிரிக்கி” என்றாள், கவலையான முகத்தோடு. “இனி நீங்க பொஸ் இல்ல. சொறி.”

நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன். இமாத் தன்னையும் சுற்றச் சொல்லிக் காலைப் பிடித்தான். நஸீமா அடுப்படியில் இருந்து வந்து, “என்ன, என்ன” என்றாள். “உன்ட மாப்பிள்ளை வேலைக்காரன் ஆயிட்டான்” என்றேன். அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு முதலாளி வேலைக்காரனாகப் பதவி இறங்கியதற்கு இவ்வளவு கொண்டாட்டம் நடந்த வீடு உலகத்தில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். ஊருக்கு வாட்ஸப்பில் அனுப்பவில்லை. மினாரா கட்டுகிற சாச்சா மனம் உடைந்துபோவார்.

காக்கா போன் எடுத்தார். “கடைசில என்னைப் போய் முதலாளி ஆக்கிப்போட்டியேடா” என்றார். “இருபது முதலாளிமாருக்கு நடுவுல நான் ஒருத்தன் தொழிலாளியா சொகுசா இருந்தன். இப்ப ஒவ்வொருத்தனா வாறான், என்னையும் வேலைக்காரன் ஆக்கு எண்டு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சம்பளப் பட்டியலுக்கு உன்ட முழுப் பேர் என்ன? என்ட போன்ல முதலாளி ஏழு எண்டுதான் கிடக்கு.”

8

இதை வீட்டில் இருந்து எழுதுகிறேன். இன்றைக்கு நாப்பது.

பிள்ளை மகள். பாங்கை வலது காதோடு வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன். டீசல் கலக்காத பாங்கு. அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, யாரடா இது என்பதுபோலப் பார்த்தாள். இந்த நாப்பது நாளும் சரக்குக் கறி நான்தான் ஆக்கினேன். முதல் நாள் ஆக்கியதை நஸீமா வாயில் வைத்துவிட்டு, “லொறிக்கு ஊத்துற எண்ணெயையா ஊத்தினீங்க?” என்று கேட்டாள். இப்போது ஊரில் இருந்து மாமி, நஸீமாவின் உம்மா, போனில் சொல்லச் சொல்ல ஆக்குகிறேன், அவவுக்கும் ஆறுதல்.

பின்னேரம் புஷ்பராணி மிஸ்ஸி இரண்டு பஸ் மாறி வந்தார். சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, நேரே போய் நஸீமாவின் மடியில் இருந்து பிள்ளையை எடுத்தார். எடுக்கிற விதத்திலேயே தெரிந்தது, எத்தனை பிள்ளையைத் தூக்கிய கை என்று. நெஞ்சோடு அணைத்து, “வந்திட்டியாடி கண்ணா, என்ட புள்ள, என்ட புள்ள” என்று ஆட்டினார்.

இந்த வழக்கை வீட்டில் கேட்டுக் கேட்டு ஹனா இப்போது பாதி அதிகாரி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“மிஸ்ஸி அன்ரி, ஆர்ட பேபி?”

“என்ட புள்ள” என்றார் மிஸ்ஸி.

“ஷுவரா?”

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை முகத்தைச் சிவக்க வைத்து, முக்கி, ஒரு பெரிய சத்தத்தோடு காரியத்தை முடித்தாள். வாசம் வீடு முழுக்கப் பரவியது. இமாத் மூக்கைப் பொத்தினான். ஹனா என்னைப் பார்த்தாள், நான் நஸீமாவைப் பார்த்தேன். மான் அடிபட்டுவிட்டது. இனி என்ன சொல் வரும் என்று எங்களுக்குத் தெரியும். நான் எழும்பி, “தாங்க மிஸ்ஸி, இப்ப அது எங்கட புள்ள” என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

மிஸ்ஸி என் கையைப் பார்க்கவே இல்லை. தோளில் கிடந்த தன் சால்வையை ஒரு கையால் இழுத்து சோபாவில் விரித்து, பிள்ளையை அதன் மேல் கிடத்தி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “சுடுதண்ணி கொண்டாங்க” என்றார்.